ஒரு தெரு, மூன்று மருத்துவமனைகள்



ஜலகண்டாபுரம் வட்டாரத்தில், எம் பங்குக்கு உட்பட்ட நெசவாளர் தெரு ஒன்று உண்டு. விடியுமுன்னே தொடங்கும் விசைத்தறிச் சத்தம் இரவு வெகுநேரம் சென்றே அடங்கும். அண்டை வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசவேண்டுமானாலும் வாசலுக்கு வந்து குரலை உயர்த்தித்தான் பேசவேண்டும். சுவரை அடுத்து வாழ்பவர் நோயுற்றிருப்பதுகூடச் சில வேளைகளில் நாள் கடந்தே காதுக்கு எட்டும்.

2017-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த நாட்களில், அத்தெருவில் மூன்று குழந்தைகள் காய்ச்சலில் படுத்தன. முதல் குழந்தையை அதன் தந்தை மோட்டார் சைக்கிளில் வைத்து மேட்டூர்ப் பக்கமுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான்கு வீடு தள்ளியிருந்த ஒன்பது வயதுச் சிறுமியை எடப்பாடிப் பக்கம் காட்டினார்கள். மூன்றாவது குழந்தையை நள்ளிரவில் ஆம்புலன்ஸ் சேலத்துக்கு எடுத்துச் சென்றது. மூன்று இடங்களிலும் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டில் ஏறத்தாழ ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கும்: பெயர், வயது, ஊர், காய்ச்சல், வாந்தி. அங்கிருந்த மருத்துவர்கள் தம் கண்முன் கிடந்த குழந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஆனால் மூன்று வரிகளும் ஒரே தெருவிலிருந்து வந்தவை என்பதை அறியக்கூடிய கண் எந்த மருத்துவமனையிலும் இல்லை.

அந்தச் சிறுமி பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "காய்ச்சல் விட்டுப் போச்சுன்னு நாங்க சந்தோசப்பட்டோமுங்க சாமி. அதுக்கப்புறந்தான் புள்ளைக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சுங்க" என்றார். டெங்குக் காய்ச்சலின் கொடிய இயல்பு அதுவே. உடல் சூடு தணியும் அந்த வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உயிருக்கு ஆபத்து நேர்கிறது. பின்னர் அத்தெருவில் வீடு வீடாக நான் சென்றபோதுதான், முதல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் கழித்தே இச்சிறுமிக்குக் கண்டது என்று தெரியவந்தது. அந்த ஒன்பது நாட்களில் யாரேனும் வந்து, வீடுகளின் பின்புறமிருந்த சிமெண்டுத் தொட்டிகளைப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதை இறைவன் ஒருவரே அறிவார். ஆனால் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அதன் பயனாகப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பதிவேட்டை வாசிக்கும் இரண்டு முறைகள்

ஒரு மருத்துவமனைப் பதிவேட்டை இரண்டு விதமாக வாசிக்கலாம். இடமிருந்து வலமாக வாசித்தால் ஒரு மனிதரின் கதை தெரியும்: இன்னார், இன்ன வயது, இன்ன நோவு, இன்ன மருந்து. மருத்துவருக்கு வேண்டுவது அது. மேலிருந்து கீழாக வாசித்தாலோ ஊரின் கதை தெரியும்: இந்த வாரம் காய்ச்சல் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை, எந்த ஊரிலிருந்து, எந்த வயதினர், சென்ற வாரத்தைவிடக் கூடுதலா குறைவா? சுகாதாரத் துறைக்கு வேண்டுவது இது. இவ்விதம் நெடுக்காக வாசித்து, அதன்படி உடனே செயலாற்றுவதற்கே நோய்க் கண்காணிப்பு என்று பெயர்.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாட்களில், பங்குப் பதிவேடுகளைப் பற்றிய பாடம் எனக்கு வறட்சியாகவே தோன்றியது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும் என்று சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி கூறுகிறது. எழுதி வைப்பதில் என்ன இருக்கிறது என்று அன்று எண்ணினேன். பின்னாளில் பழைய பங்குகளின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தபோது, ஒரே மாதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கிடந்த குழந்தைகளின் பெயர்களைக் கண்டு கை நின்றுவிட்டது. எழுதிய குருவானவர் ஒவ்வொரு நாளும் ஒரு வரிதான் எழுதினார். பக்கத்தை முழுதாகப் பார்க்கும்போதே கொள்ளைநோய் கண்ணுக்குத் தெரிகிறது.

கோவிற்பற்றுகளின் சாவுக் கணக்கிலிருந்து பிறந்த அறிவுதான் இன்றைய பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரம் என்றால் உங்களிற் பலர் வியப்படையலாம். பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் கோவிற்பற்று எழுத்தர்கள், வாரந்தோறும் எத்தனை பேர் இறந்தார்கள், எந்நோயால் இறந்தார்கள் என்று பட்டியல் வெளியிட்டு வந்தனர். பிளேக் நோய் பெருகுகிறதா குறைகிறதா என்று அறிய மக்கள் அதை வாங்கிப் படித்தனர். ஜான் கிரான்ட் என்னும் சில்லறைத் துணிமணி வணிகர் ஒருவர், பல ஆண்டுப் பட்டியல்களைச் சேர்த்து நெடுக்காக வாசித்து, 1662-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மருத்துவம் படிக்காத ஒரு வணிகரின் பொறுமையே அந்த அறிவியலுக்கு வித்தாயிற்று.

ஒரு குருவும் ஒரு வரியும்

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 616 பேர் மாண்டனர். பிராட் தெருவிலிருந்த குழாயடித் தண்ணீரே காரணம் என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கண்டு கூற, செப்டம்பர் 8-ஆம் நாள் அந்தக் கைப்பம்பின் பிடி கழற்றப்பட்டது. இதைப் பலர் அறிவர். ஆனால் அவருக்குத் துணையாய் நின்ற ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலிக்கன் சபைக் குருவை அறிந்தோர் சிலரே.

ஒயிட்ஹெட் முதலில் ஸ்னோவின் கருத்தை ஏற்கவில்லை. அது தவறென்று காட்டவே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அவ்வீட்டார் அனைவரும் அவருக்கு அறிமுகமானவர்கள். மருத்துவரிடம் கூறாததையும் அவரிடம் கூறினார்கள். விசாரிக்க விசாரிக்க, குழாயடித் தண்ணீர் குடித்தவர்களே பெரும்பாலும் நோயுற்றனர் என்பது அவருக்கே தெளிவாயிற்று. 1855-இல் இறப்புப் பதிவுகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நிலைத்தது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண்குழந்தை ஒன்று செப்டம்பர் 2-ஆம் நாள் இறந்தது என்றும், அதற்கு நான்கு நாள் முன்னரே வயிற்றுப்போக்குக் கண்டிருந்தது என்றும் அதில் குறித்திருந்தது. கொள்ளைநோய் வெடிப்பதற்கு முன்பே நோயுற்ற குழந்தை அது! அதன் துணிகளைத் துவைத்த நீர் வீட்டின் கழிவுக்குழியில் கொட்டப்பட்டது என்று தாய் கூறினார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது, அது கிணற்றுக்கு மூன்றடிக்குள் இருந்ததும், அதன் செங்கற் சுவர் சிதைந்து கிணற்றுக்குள் கசிந்ததும் வெளிப்பட்டன.

நோய் எப்படித் தொடங்கியது என்னும் புதிரை அவிழ்த்தது ஒரு பதிவேட்டின் ஒரு வரி. அந்த வரியிலும் 'நான்கு நாள் முன்னர்' என்னும் இரண்டொரு சொற்கள். யாரோ ஒரு மருத்துவர் அதைக் கேட்டறிந்து எழுதாமல் விட்டிருந்தால், ஒயிட்ஹெட் தேடியது கிடைத்திராது. இக்கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

வேலூரிலிருந்து ஒரு தபால் அட்டை

கடல் கடந்து போகவேண்டியதில்லை. நம் வடக்கே உள்ள வேலூரிலேயே இவ்வகைப் பணிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக நோயாளிகளிடம் அறியப்பட்டது 1955-இல் வேலூரில்தான். ஜன்னி கண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக மட்டும் பாராமல் ஒருசேரப் பார்த்ததால் விளைந்த அறிவு அது.

1980-களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் உடன் பணியாற்றியவர்களும், மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வட ஆர்க்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும். அப்பெயராலேயே அது வழங்கிற்று. அரசு நிலையங்கள் மட்டுமன்றி, தனியார் மருத்துவமனைகளும் மறைமாநிலங்கள், மிஷன் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளும் அதில் சேர்க்கப்பட்டன. நம் மக்கள் பெரும்பாலோர் முதலில் ஓடுவது தனியார் மருத்துவரிடமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அரசு நிலையத்துக் கணக்கு மட்டும் பார்த்தால், பாதி ஊரைப் பார்க்காததற்கு ஒப்பாகும்.

அவர்கள் கையாண்ட கருவியோ முகவரி அச்சிட்ட தபால் அட்டை. காலரா, டைபாய்டு, தட்டம்மை, இளம்பிள்ளை வாதம், மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி போன்ற குறிப்பிட்ட சில நோய்களுள் ஒன்று என ஐயம் தோன்றினால், மருத்துவர் நோயாளியின் விவரத்தை அதில் நிரப்பித் தபாலில் போடவேண்டும். ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, ஐயமே போதும். அட்டைகள் மையத்துக்கு வந்து சேர்ந்ததும் ஊர்வாரியாகப் பிரிக்கப்படும். ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று அட்டைகள் சேர்ந்தால் சுகாதாரப் பணியாளர் அவ்விடம் விரைவர். மாதந்தோறும் ஒரு செய்தித் தாளும் அச்சிட்டு, அட்டை எழுதிய மருத்துவர்களுக்கு அனுப்பினார்கள். 'உம்முடைய அட்டை குப்பைக்குப் போகவில்லை. இதோ அதன் பயன்' என்று அறிவிப்பதே அதன் நோக்கம். மனிதர் எழுதி அனுப்புவதற்குப் பதில் கிடைக்காவிடில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள் அன்றோ?

பத்தாண்டுகளுக்கும் மேல் நடந்த இப்பணியைப் பற்றி 1998-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் அவர்கள் எழுதினார்கள். சுமார் ஐம்பது லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆன செலவு, தலைக்கு ஆண்டுக்கு ஓர் அமெரிக்கக் காசுக்கும் குறைவு என்பது அதில் கண்ட கணக்கு. பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இவ்வழியைப் பின்பற்றியது.

அவசர சிகிச்சைப் பிரிவு ஏன்?

மருத்துவமனையில் எத்தனையோ பிரிவுகள் இருக்க, அவசர சிகிச்சைப் பிரிவை ஏன் தனித்துக் கூறுகிறோம்? அது ஊரின் வாசற்படி போன்றது. இரவும் பகலும் திறந்திருப்பது. ஏழையும் செல்வரும் வருவது. நோய் முற்றி இனிப் பொறுக்க முடியாது என்னும்போது வந்து சேரும் இடம். வந்தவர் வாயால் கூறும் முதல் வார்த்தை அங்கே எழுதப்படுகிறது: 'மூன்று நாளாகக் காய்ச்சல்', 'காலையிலிருந்து வாந்தி', 'மூச்சு வாங்குகிறது'. நோயின் பெயர் தெரியப் பல நாள் ஆகலாம். ஆனால் ஒரே முறையீட்டோடு வருவோர் தொகை திடீரென உயர்வதை அன்றைக்கே அறியலாம்.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1998 முதல் ஆம்புலன்ஸ் அழைப்புகளை இவ்வாறு எண்ணி வந்தது. 2001-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின்னர் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருவோரின் முறையீடுகளையும் நாள்தோறும் எண்ணத் தொடங்கிற்று. 2012-இல் ஒலிம்பிக் விளையாட்டுகளை நடத்திய இங்கிலாந்தும் அதையொட்டி இத்தகைய ஏற்பாட்டை அமைத்துக்கொண்டது. இன்று அமெரிக்க நாட்டின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை தம் பதிவுகளை மையத்துக்கு அனுப்புகின்றன.

இதன் கணக்கு முறை கடினமானதன்று. ஓர் உவமையாகக் கொள்வோம். ஒரு வட்டாரத்திலிருந்து வழக்கமாக நாளொன்றுக்கு நான்கைந்து பேர் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வருவார்கள் என்க. ஒருநாள் ஏழு பேர் வந்தால் கவலையில்லை. ஏறுவதும் இறங்குவதும் இயல்பே. தொடர்ந்து மூன்று நாள் பன்னிரண்டு பேர் வந்தால் ஏதோ நடக்கிறது. அப்பன்னிரண்டு பேரில் எட்டுப்பேர் ஒரே தெருவைச் சேர்ந்த சிறுவர்களானால், இனிக் காத்திருப்பது குற்றம். வழக்கம் இன்னதென்று அறிந்தவரே வழக்கத்துக்கு மாறானதை அறிவர். ஆகவே நோயில்லாத நாட்களிலும் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.

இதற்குக் குறைகளும் உண்டு. திருவிழா முடிந்த மறுநாள் வயிற்றுப்போக்குக் கூடுவது கொள்ளைநோயாக இராமல் கெட்டுப்போன உணவாக இருக்கலாம். வீண் எச்சரிக்கை எழும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே படுத்திருப்பவர் எந்தக் கணக்கிலும் வரார். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணுவது வேறு, காப்பது வேறு. எச்சரிக்கை மணி அடித்தும் எழுந்திருப்பவர் இல்லையேல் மணியால் பயனென்ன?

இரண்டாவது சகோதரர்

எண்ணிக்கை பெருகும்வரை காத்திராமல், விழிப்புள்ள மருத்துவர்கள் இரண்டே நோயாளிகளைக் கொண்டு பேராபத்தை உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், கேரளத்தின் பேராம்பிரா பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை, காய்ச்சலும் மூளை பாதிப்புமாகக் கோழிக்கோட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய தம்பி இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் இதே போன்ற நோயால் இறந்திருந்தார் என்பதையும், அதே வீட்டில் மேலும் சிலர் நோயுற்றிருப்பதையும் மருத்துவர்கள் கேட்டறிந்தார்கள். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இப்படி வருவது இயல்பன்று என்று உணர்ந்து, மாதிரிகளை மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் அது நிபா வைரஸ் என்று புனேயில் உள்ள தேசிய நிறுவனம் உறுதிசெய்தது.

அந்நோய் கண்டவர் 19 பேர். அவருள் 17 பேர் இறந்தனர். முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி, இரு சிறு குழந்தைகளின் தாய், மே 21-ஆம் நாள் உயிர்நீத்தார். எனினும் நோய் இரண்டு மாவட்டங்களைத் தாண்டவில்லை. 'வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா?' என்று கேட்கப்பட்டதும், அதற்கு உண்மையான விடை கிடைத்ததும் எத்தனை குடும்பங்களைக் காத்தன!

நம் நாட்டில் இன்று

நம் மாநிலம் இதில் பின்தங்கியதன்று. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே இத்துறையில் முதலாவது. குறிப்பிட்ட தொற்றுநோய்களை மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்னும் கடமை அதிலேயே உண்டு. 1994-இல் சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றியபோது, கண்காணிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாடு முழுதும் உணர்ந்தது. 1997 முதல், பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரெனக் கைகால் தளர்ந்தால் உடனே அறிவிக்கும் முறை வந்தது. அவற்றுட் பெரும்பாலானவை இளம்பிள்ளை வாதமாக இருக்கவில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு ஆராயப்பட்டது. அந்தப் பொறுமையால்தான், 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் அந்நோய் இல்லை என்று உறுதியாகக் கூற முடிந்தது. 2014 மார்ச் 27-ஆம் நாள் அதற்குச் சான்றும் கிடைத்தது.

2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கிற்று. அதன்படி மூன்று படிவங்கள்: கிராம சுகாதாரச் செவிலியர் தாம் கண்ட அறிகுறிகளை எழுதுவது ஒன்று, மருத்துவர் தம் ஊகத்தை எழுதுவது மற்றொன்று, ஆய்வுக்கூடம் உறுதிசெய்ததை எழுதுவது மூன்றாவது. முதலில் வாரம் ஒருமுறை சென்ற இக்கணக்கு, 2021 முதல் கணினி வழியாக உடனுக்குடன் செல்லும் வகையில் மாற்றப்பட்டது. வட ஆர்க்காட்டில் தபால் அட்டை செய்த வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. எழுதுகிறவரின் மனச்சாட்சிக்கு மட்டும் மாற்றுக் கருவி இன்னும் வரவில்லை.

தமிழகத்தில் 2012-இல் 12,826 பேருக்கு டெங்கு கண்டு 66 பேர் இறந்தனர் என்றும், 2017-இல் 23,294 பேருக்குக் கண்டு 65 பேர் இறந்தனர் என்றும் அரசுக் கணக்குக் கூறுகிறது. நோயுற்றோர் தொகை ஏறத்தாழ இருமடங்காகியும் இறந்தோர் தொகை பெருகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அந்த 65 என்னும் எண்ணைப் படிக்கும்போது, எனக்கு ஓர் எண் தெரிவதில்லை. அந்தத் தெருவின் ஒரு வாசல் தெரிகிறது.

நோய்கள் மட்டுமன்றி, அவசரப் பிரிவுக்கு வரும் பிற துன்பங்களும் எண்ணப்பட வேண்டியவையே. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியையும் கட்டாயம் அறிவிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எந்த வட்டாரத்தில் எம்மாதத்தில் கடி மிகுதி என்று தெரிந்தால்தானே, அங்குள்ள மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தை முன்கூட்டியே இருப்பு வைக்கலாம்! இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும் நம் உழவர்களுக்கு இது பெரிய காரியம்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இவ்வளவும் அரசும் மருத்துவரும் செய்யவேண்டியவை. நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். பதிவேட்டில் எழுதுவது அவர்கள். எழுதத்தக்கதைக் கூறுவது நீங்களே.

முதலாவது, ஊர்ப் பெயர். நம்மவர் வெளியூர் மருத்துவமனையில் ஊர் எது என்று கேட்டால் 'சேலம்' என்று சுருக்கமாகக் கூறிவிடுகிறார்கள். தெரியாதவருக்குத் தெரிந்த பெயரைச் சொல்லும் வழக்கம் அது. ஆனால் டெங்குவைப் பரப்பும் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவது. 'சேலம்' என்று எழுதப்பட்டால் எந்தத் தெருவில் போய்த் தேடுவது? ஊர், வார்டு, தெரு, அண்மையில் சென்று தங்கிய ஊர் அனைத்தையும் கூறுங்கள், எழுதும்படி கேளுங்கள்.

இரண்டாவது, நோய் தொடங்கிய நாள். மருத்துவமனைக்கு வந்த நாளை அவர்களே எழுதிக்கொள்வார்கள். காய்ச்சல் முதலில் கண்ட நாள் உங்களுக்கே தெரியும். பிராட் தெருக் குழந்தையை நினைவிற் கொள்ளுங்கள். வீட்டு நாட்காட்டித் தாளில் ஒரு கோடு கிழித்து வைத்தாலே போதும்.

மூன்றாவது, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வேறு எவர்க்கேனும் அதே நோவு இருந்தால், கேட்காவிடினும் கூறுங்கள். ஒரே வாரத்தில் ஒரு தெருவில் இரண்டு காய்ச்சல் கண்டால், கிராம சுகாதாரச் செவிலியருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லி அனுப்புங்கள். அன்பியக் கூட்டங்களில் ஐந்து நிமிடம் இதற்கெனச் செலவிட்டால் நலம். தறிச்சத்தத்தில் கேளாதது அங்கே கேட்கும்.

நான்காவது, மறைக்காதீர்கள். பெண் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்களோ, வேலை போய்விடுமோ என்று நோயை மறைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஆகவே பதிவுகளைக் கையாளுவோருக்கும் ஒரு வார்த்தை. எங்கே எத்தனை என்று எண்ணுவதற்குப் பெயர் தேவையில்லை. உதவிக்குச் செல்லும் ஒருவருக்கு மட்டுமே பெயரும் கதவும் தெரிந்தால் போதும். நோயாளியின் பெயரைத் தெருவில் பேசுபவர், அடுத்த நோயாளியின் வாயை அடைக்கிறார். இரகசியம் காத்தலை உயிரெனக் கொண்ட பணியில் இருப்பவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன்: நம்பிக்கை உள்ள இடத்தில்தான் உண்மை பேசப்படும்.

இவற்றோடு, வாரம் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூடிவைத்தல். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகுமாகையால், வாரம் ஒருமுறை என்பது காரணத்தோடு வகுத்த கணக்கு. தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில், சேமித்த நீரைக் கொட்டுவது எவ்வளவு மனக்கஷ்டம் என்பதை நான் அறியாதவனல்லேன். ஜலத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரல்லவா இது! கொட்ட மனமில்லையேல், துணிகொண்டு வாயை இறுகக் கட்டி வையுங்கள்.

மீண்டும் அத்தெருவுக்கு

அந்த மூன்று குழந்தைகளில் இருவர் பிழைத்து, இன்று நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள், தொட்டிகளில் புழு கண்டு கழுவச் செய்தார்கள், புகை அடித்தார்கள். அதன்பின் அத்தெருவில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் காணவில்லை. அவர்கள் தாமதித்தார்கள் என்று நான் குறைகூற மாட்டேன். அவர்களுக்குச் சொல்லப்பட்ட அன்றே வந்தார்கள். சொல்லியிருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன். முதல் குழந்தையை நோயில் பூசச் சென்றபோதே, நான்கு வீடு தள்ளிப் போய் விசாரித்திருக்கலாம். நான் அடுத்த வேலைக்கு விரைந்துவிட்டேன்.

அன்றுமுதல் என் மேசையில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் தெரு, நோவு, தொடங்கிய நாள் மூன்றையும் அதில் குறித்துக்கொள்கிறேன், பெயர் எழுதுவதில்லை. சனிக்கிழமை மாலையில் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசிக்கிறேன். ஒரே தெருவின் பெயர் இருமுறை வந்தால் சுகாதார ஆய்வாளருக்குத் தொலைபேசி செய்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இராது. அவரும் பொறுமையோடு, "பார்க்கிறோமுங்க ஃபாதர்" என்பார். இரண்டு முறை ஏதோ இருந்தது.

அடக்கப் பதிவேடு ஒன்று பங்கில் எப்போதும் இருக்கத்தான் வேண்டும், அது சட்டம். அதற்கு முன்னால் இந்த நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.